முந்த்வா ரோட்டோரமா ஒரு டீச்சர் கதை

வணக்கம் மக்களே, வண்டிய ஓரங்கட்டிட்டுத்தான் பேசறேன், திட்டாதீங்க. பின்னாடி ஹாரன் சத்தம் கேக்குதுல்ல, இது புனேல முந்த்வா பக்கம், இங்கருந்து ஹடப்சர் போற ரோடு. என் ஆபீஸ் ஹடப்சர்ல இருக்கு, அதனால தினமும் இதே டிராஃபிக்லதான் சாவறேன். ஆனா இந்த வழியில ஒரு டீச்சரம்மா 66 வயசுல ஒரு பையன முதுகுல தூக்கிட்டு நடந்து போயிருக்காங்கன்னு போன மாசம்தான் எனக்குத் தெரியும்.

சாவித்ரிபாய் பூலே. ஆமா, அவங்கதான், ஜனவரி 3 பொறந்த நாள் ஆனா ஸ்டேட்டஸ் வைப்போமே. 1848ல புருஷன் ஜோதிராவோட சேந்து பொண்ணுங்களுக்கு ஸ்கூல் தொடங்கினாங்க, பொண்ணுங்க படிக்கறது பிடிக்காதவங்க போற வழியில சாணி அடிப்பாங்கன்னு பையில இன்னொரு புடவை எடுத்துட்டுப் போவாங்க, இது எல்லாம் எல்லாருக்கும் தெரியும். அந்த ஸ்கூல் நடந்த பிடே வாடா நம்ம தகடுசேட் கணபதி கோயிலுக்கு எதுத்தாப்புலதான் இருந்துச்சு, 2023 டிசம்பர்ல பழைய கட்டடத்த இடிச்சுட்டாங்க, நினைவிடம் கட்டறதுக்காக.

என் பிரச்சனை என்னன்னா, எல்லாரும் கதைய அந்த ரெண்டாவது புடவையோட நிறுத்திடறாங்க. மிச்சம் ஒரு நாப்பத்தெட்டு வருஷம் இருக்குங்க!

கஞ்ச் பேட்ல அவங்க வீடு இன்னும் இருக்கு, போன ஞாயிறு போனேன். அங்க ஒரு கிணறு. 1868ல தாழ்த்தப்பட்டவங்க யாரு வேணா வந்து தண்ணி எடுத்துக்கலாம்னு அந்த வீட்டுத் தண்ணியத் திறந்து விட்டாங்க. ஊர்ப் பொதுக் கிணத்துப் பக்கமே போக விடாத காலம் அது. நானும் எட்டிப் பாத்தேன், சும்மா சாதாரணக் கிணறுதான், நம்ம தாத்தா வீட்டுல இருக்குமே அந்த மாதிரி. அதுக்கு முன்னாடியே 1863ல, கைம்பெண்கள் குழந்தை பெத்தா அவமானத்துல கொன்னுடக் கூடாதுன்னு வீட்டுலயே பிரசவம் பாக்க இடம் வேற. அப்படிப் பொறந்த ஒரு குழந்தையத்தான் தத்து எடுத்தாங்க, அதான் யஷ்வந்த்.

அவங்க எழுதின லெட்டர் ஒண்ணு, அதே 1868ல பொறந்த ஊர் நைகாவ்லருந்து புருஷனுக்கு எழுதினது. பஞ்சாங்கம் படிச்சு சொல்லி ஊர் ஊரா சுத்தற கணேஷ்னு ஒரு பிராமணப் பையன், சார்ஜான்னு தாழ்த்தப்பட்ட மகர் ஜாதிப் பொண்ணு, ரெண்டு பேருக்கும் காதல், அது வயித்துல பிள்ளை. ஊரே ரெண்டு பேரையும் அடிச்சு இழுத்துட்டுப் போகுது, கொல்லத்தான். இவங்க ஓடிப்போய் நடுவுல நின்னு, கொலை பண்ணீங்கன்னா இங்கிலீஷ்காரன் சட்டம் உங்கள சும்மா விடாதுன்னு மிரட்டியே காப்பாத்திட்டாங்க! தனி ஆளு. கருணை, பாசம்னெல்லாம் பேசிட்டு நிக்கல பாருங்க, அந்தக் கூட்டத்துக்கு எது புரியுமோ அதப் பேசினாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். 1877 பஞ்சத்துலயும் ஜுன்னர் பக்கம் ஓதூர்லருந்து ஒரு லெட்டர் இருக்கு, மாடெல்லாம் செத்து விழுது, ஜனங்க ஊர விட்டுப் போறாங்கன்னு, படிச்சா சாப்பாடு இறங்காது.

சரி, இந்த ரோடுக்கு வருவோம். 1897, புனேல பிளேக். ஜோதிராவ் செத்து ஆறு வருஷத்துக்கு மேல ஆச்சு. மகன் யஷ்வந்த் டாக்டர், ராணுவத்துல வேலை. அம்மா கூப்பிட்டாங்கன்னு லீவு போட்டுட்டு வந்து ஊருக்கு வெளிய ஹடப்சர் பக்கம் சாசனே தோட்டத்துல ஒரு ஆஸ்பத்திரி போட்டாரு. அம்மா வேலை என்னன்னா நோயாளிங்களக் கூட்டிட்டு வர்றது. பிளேக்னா தெரியும்ல, சொந்த வீட்டு ஆளே கிட்ட வர மாட்டான். முந்த்வாவுக்கு வெளிய மகர் குடியிருப்புல கெய்க்வாட்னு ஒருத்தரோட பையன் பாண்டுரங்குக்கு வந்துடுச்சுன்னு கேள்விப்பட்டதும் நேரா போய் முதுகுல தூக்கிட்டு ஹடப்சர் வரைக்கும் வந்துட்டாங்க. இப்ப உள்ள கணக்குக்கு நாலஞ்சு கிலோமீட்டர் இருக்கும், நான் பைக்ல போறதுக்கே முக்கா மணி நேரம் ஆகுது, அது வேற விஷயம்.

பையன் பிழைச்சுட்டான். இவங்களுக்கு ஒட்டிக்கிச்சு. மார்ச் 10, போயிட்டாங்க.

அந்த ஆஸ்பத்திரி சரியா எந்த இடம்னு பாக்கலாம்னு ஹடப்சர்ல டீ குடிச்ச கடையில கேட்டேன், எனக்குத் தெரிஞ்ச அரைகுறை மராத்தியில. அவரு என்னை ஒரு மாதிரி பாத்துட்டு "மாஹீத் நாஹீ", தெரியாதுன்னு சொல்லிட்டு அடுத்த கிளாஸக் கழுவப் போயிட்டாரு. பக்கத்துல வடாபாவ் சாப்பிட்டுட்டு இருந்த ஒரு பெரியவர் மட்டும் கூப்பிட்டு, சாசனேக்காரங்க யாரையாவது கேட்டு வைக்கிறேன், சனிக்கிழமை வான்னாரு. போயிட்டு வந்து சொல்றேன். இப்ப கிளம்பறேன், பத்து மணிக்கு மீட்டிங்.