வெள்ளம் வருமுன் அணை: கணித வகுப்பில் கணிப்பீடு

தலைமை தாங்கும் அதிபர் அவர்களே, பிரதம அதிதி வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களே, கணித ஆசிரிய ஆலோசகர்களே, தான்தோன்றீஸ்வரர் ஆலய வண்ணக்கர் அவர்களே, வயல் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் பெற்றோரே, வணக்கம். இன்னொரு கூட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் கொக்கட்டிச்சோலைக்கு வந்த பணிப்பாளர் அவர்களுக்கும், பொன்னாடை போர்த்திய பழைய மாணவர் சங்கத்தினருக்கும் என் நன்றி.

வகுப்பறைக் கணிப்பீடு, வினாத்தாளின் தரம், பெற்றோரின் பங்கு என்று மூன்று விடயம் பேச வந்தேன். கணிப்பீடு என்றால் பிள்ளைக்கு எது விளங்கியது, எங்கே தடுமாறுகிறது என்று பாடம் நடக்கும்போதே பார்ப்பது.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். தவணைப் பரீட்சைப் புள்ளி கைக்கு வரும்போது வெள்ளம் வடிந்தே போயிருக்கும். அடுத்த அலகு தொடங்கியாயிற்று, பிள்ளையின் குழப்பம் அப்படியே கிடக்கும். 1988இல் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் இஸ்ரேலில் சில பிள்ளைகளுக்குப் புள்ளி மட்டும், சிலருக்குச் செய்த வேலையைப் பற்றிய எழுத்துக் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும் கொடுத்துப் பார்த்தார். குறிப்பு மட்டும் பெற்றவர்கள்தான் முன்னேறினார்கள். புள்ளியும் சேர்ந்து போன இடத்தில் குறிப்பு எடுபடவில்லை.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான நம்ம படுவான்கரையில் நான் பார்த்த ஒரு தரம் 7 வகுப்பைச் சொல்கிறேன். 8.40க்கு வெளிக்கிட்ட பஸ் 10.15க்கு வந்து சேர்ந்தது, எவ்வளவு நேரம்? பாதி வகுப்பு 1.75 என்று எழுதியிருந்தது. ரீச்சர் சிவப்புப் பேனையை எடுக்கவில்லை. ஒரு பிள்ளையைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டு, "எப்படிச் செய்தாய் மகள், சொல்லு" என்றார். "காசுக் கணக்குப் போலத்தான் ரீச்சர், 15இல 40 போகாது, பக்கத்தில ஒண்டு கடன் வாங்கினா 115" என்றாள். பாருங்கள், கழித்தலில் பிழையே இல்லை. ரூபாயும் சதமும் மணித்தியாலத்துக்குள் புகுந்துவிட்டன. பின்வாங்கிலிருந்து ஒரு பொடியன், "75 நிமிசமெண்டா அதுக்குள்ளயே ஒரு மணித்தியாலம் இருக்கே!" என்று எழும்பினான். வகுப்பே கலகலத்தது. பிறகு அவள் தானே 60ஐக் கடன் வாங்கி 1 மணி 35 நிமிடம் என்று எழுதினாள். கொப்பியில் ரீச்சர் எழுதியது ஒரே வரி: "ஒரு மணிக்கு எத்தனை நிமிடம்? அதை வைத்து மற்றக் கணக்கையும் பார்." அடுத்த நாள் காலையில் அரைத் தாளில் 7.50 முதல் 9.20 வரை கேட்டார். 1.70 என்று எழுதியவர்களை மட்டும் தன் மேசையைச் சுற்றி இருத்திக்கொண்டார். வெள்ளம் வருமுன் அணை என்றால் இதுதான்.

அந்த ரீச்சர் இப்போது அங்கே இல்லை. நடு வருடத்தில் இடமாற்றம். யாருக்கு எந்த இடத்தில் தடுமாற்றம் என்று தெரிந்திருந்தவர் போய்விட்டார், மாதக் கணக்கில் அந்த வகுப்புக்குக் கணித ஆசிரியர் வரவில்லை. பிள்ளையைத் தெரியாமல் கணிப்பீடு எங்கே நடக்கும்? முன்பு ஆசிரியர் வராததற்கு "பாதை கிடைக்கவில்லை" என்றார்கள், வாவியைக் கடக்கும் படகுப் பாதையைத்தான் சொன்னார்கள். 2014இல் வாவிக்குக் குறுக்கே மண்முனைப் பாலமும் திறந்தாயிற்று. இனி என்ன காரணம்?

பணிப்பாளர் அவர்களே, உங்களிடம் உரிமையோடு கேட்கிறேன். வருடம் முடியுமுன் படுவான்கரையின் எந்தக் கணித ஆசிரியரையும் மாற்றாதீர்கள். மாற்றியே ஆகவேண்டுமென்றால் பதில் ஆசிரியர் வந்து கடமையேற்ற பிறகு மாற்றுங்கள். அணை உடைந்த பிறகு மண் மூட்டை தேடி ஓட வேண்டாம்.

மற்ற இரண்டு விடயத்துக்கும் நேரம் இடம் தரவில்லை, தலைவர் மணியைப் பார்க்கிறார். சரி, இந்தக் கோரிக்கை எழுதிய மனு வாசல் மேசையில் இருக்கிறது. பெற்றோர் ஒவ்வொருவரும் கையெழுத்து வைத்துவிட்டுப் போங்கள். கைநாட்டு வைப்பவர்களுக்கு மைப்பெட்டியும் இருக்கிறது. நன்றி, வணக்கம்.