துடுப்பா உளியா? நான் உளி கட்சி!

நடுவர் அய்யாவுக்கு வணக்கம், மத்தவங்களுக்கும் சேர்த்து ஒரே வணக்கம், டைம் இல்ல. கேரளா வள்ளங்களியில, அதான் படகுப் போட்டியில, ஜெயிக்க வைக்கிறது துடுப்பு போடுறவனா, வள்ளம் செய்யற ஆசாரியா? நான் ஆசாரி கட்சி.

எதிரணி அண்ணன் என்னா சொன்னாரு, "ஆசாரி கரையில உக்காந்து வெத்தல போடுற ஆளு, அவருக்கு வேர்க்கவா போகுது"ன்னாரு, நீங்களும் கைதட்டுனீங்க. அண்ணே, சுண்டன் வள்ளம்னா பாம்புப் படகு, நூறு அடிக்கு மேல நீளம், நூறு பேருக்கு மேல உக்காரணும், ஆஞ்சிலி மரப் பலகைய ஒண்ணோட ஒண்ணு சேத்து சொட்டுத் தண்ணி ஏறாம இழைக்கணும். வேர்க்காதாம்! நீங்க வீட்டுல ஒரு ஆணி அடிச்சதுண்டா? அண்ணி முன்வரிசையில சிரிக்கிறாங்க, பதில் வந்துருச்சு.

அங்க ஒரு கதை சொல்லுவாங்க. செம்பகசேரி ராஜாவுக்கு மொத சுண்டன் செஞ்சு குடுத்தது கொடுப்புன்ன வெங்கிடநாராயணன் ஆசாரி. தண்ணிச் சண்டையில அடி வாங்குன காயங்குளம் ராஜா ஒரு ஒற்றன அனுப்புறாரு. பையன் பாக்க லட்சணமா இருக்கான், நேரா ஆசாரி பொண்ணு கண்ணுல படுற மாதிரி வந்து நிக்கிறான். அம்மாக்காரிக்கு தல கால் புரியல, தேடிப் போகாமலே மாப்ள வந்தாச்சே! காலையில கரிமீன், மதியம் கொஞ்சு, அதான் எறா, ராத்திரி மறுபடி கரிமீன். புருஷன்கிட்ட ஒரே நச்சரிப்பு, "தொழில கத்துக்குடுங்க, நம்ம மாப்ளதான". மனுஷன் என்ன பண்ணுவாரு, நம்மள மாதிரிதான், தலையாட்டிட்டாரு. ஒருநா காலையில பாத்தா கரிமீன் சட்டியில இருக்கு, மாப்ளயக் காணோம். திரும்பச் சொல்றேன், பின்வரிசைக்கு கேக்கல போல: கரிமீன் இருக்கு, மாப்ள இல்ல! ராஜத்துரோகம்னு ஆசாரிய ஜெயில்ல போட்டாங்க. காயங்குளமும் வள்ளம் செஞ்சு சண்டைக்கு வந்துச்சு, வந்து மறுபடியும் தோத்துச்சு! இப்ப சொல்லுங்கண்ணே, துடுப்பு போட அங்க ஆளா இல்ல? அப்பறம் ராஜாவே ஆசாரிய விடுதலை பண்ணி பரிசும் குடுத்தாராம்.

பள்ளாத்துருத்தி படகு கிளப் வேற வேற வள்ளத்துல அஞ்சு தடவ வரிசையா ஆலப்புழா நேரு டிராபி வள்ளங்களிய அடிச்சுதேன்னு அக்கா கேட்டாங்க. மீன் புடிக்கிற தோணியில ஏறி அடிச்சிருந்தா நான் மைக்க வச்சிட்டுப் போயிருப்பேன்கா. 2024 பைனல்ல அவங்க ஏறுனது காரிச்சால், 1970ல கோழிமுக்கு நாராயணன் ஆசாரி செஞ்சது. 4 நிமிஷம் 29.785 செகண்டு. ரெண்டாவது வந்த வீயபுரம் வள்ளம் 4 நிமிஷம் 29.790. இந்த வித்தியாசத்துல யாரு துடுப்பு, யாரு உளின்னு பிரிச்சுக் காட்டுங்க பாப்போம்.

அதெல்லாம் விடுங்க. ராஜா ஆசாரிக்கு பரிசு குடுத்தாரு, சரி. அந்தப் பொண்ணுக்கு? அப்பன் கைத்தொழிலுக்காக ஒருத்தன் ஆசை காட்டிட்டு ஓடிட்டான், அவ பேரு கூட கதையில இல்லங்க. பரிசோட வாசப்படி ஏறுன மனுஷன் மக மூஞ்சிய எப்படிப் பாத்திருப்பாரு? எனக்கும் பொண்ணு இருக்கு, இதுக்கு மேல பேச வரல. தீர்ப்பு எப்படி வேணா குடுங்கய்யா, கைதட்ட மட்டும் அந்தப் பொண்ணுக்குத் தட்டுங்க. வணக்கம்.