தாது என்றால் என்ன?

அவையோருக்கு வணக்கம்.

தாது என்ற சொல்லைச் சுரங்கத்தில் வேலை செய்பவர் ஒரு பொருளில் சொல்வார். சித்த மருத்துவர் இன்னொரு பொருளில் சொல்வார். வடமொழி இலக்கணம் நடத்துகிறவருக்கு அது வினையடி. பௌத்தத் துறவிக்கோ புத்தரின் எலும்பும் பல்லும் தாது. அகராதியில் இவை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு நிற்கும். அந்த எண்களைப் பார்த்து இவை தனித்தனிப் பொருள்கள் என்று நினைத்துவிடக் கூடாது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

இதன் அடி 'தா'. தமிழில் கொடு என்ற பொருளில் வரும் தா அல்ல. 'தானம்' என்ற சொல்லில் இருக்கும் வடமொழித் தாவும் அல்ல. இது மூச்சுக்காற்றோடு அழுத்தி ஒலிக்கும் தா. நம் எழுத்தில் வேறுபாடு தெரியாது. 'வை, நிலைநிறுத்து' என்று பொருள். விதி, நிதி, சந்தி, சன்னிதி, சமாதி, அவதானம், சிரத்தை என்று நாம் அன்றாடம் சொல்கிற எத்தனையோ சொற்களுக்குள் இந்த அடிதான் இருக்கிறது. விதித்து வைத்தது விதி, சேர்த்து வைத்தது நிதி, இரண்டைச் சேர்த்து வைப்பது சந்தி. கிரேக்கத்தில் 'தித்தேமி' என்றால் வைக்கிறேன். ஆய்வு மாணவர்கள் எழுதும் தீசிஸ் அதன் வழி வந்தது. ஆங்கிலத்தின் 'டூ', ஜெர்மனின் 'தூன்' இரண்டும் இதே குடும்பம்தான்.

சரி, தாதுவுக்கு வருவோம். ரிக்வேதத்தில் 'த்ரிதாது' என்றால் மூன்று அடுக்காக, மூன்று கூறாக அமைந்தது. ஆக, ஒன்றை உருவாக்கும் பொருட்டு உள்ளே வைக்கப்பட்ட கூறு, அதுதான் தாது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும். உடம்பைக் கட்டி நிறுத்துவதால் சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, எலும்பு, மூளை, சுக்கிலம் ஏழும் தாதுக்கள். உடல் எரிந்த பின்னும் எஞ்சி நிற்கும் கூறு என்பதால் புத்தரின் எச்சமும் தாது. அதை உள்ளே வைத்துக் கட்டிய தூபியான தாதுகர்ப்பம்தான் சிங்களத்தில் 'தாகப' ஆயிற்று. தாய்லாந்தின் 'பிரதாத்' கோயில்களிலும், லாவோஸ் நாட்டு வியஞ்சானில் உள்ள 'தாத் லுவாங்' தூபியிலும் ஒலிப்பது இந்தச் சொல்லே.

மலையின் கூறு என்பதால் கனிமம் தாது. இந்தியில் அது உலோகத்தைக் குறிக்கிறது. நாமோ உலோகம் என்கிறோம். அதே சொல் இந்தியில் 'லோஹா' என்று இரும்பு மட்டும் ஆகிவிட்டது!

ஒன்றை மட்டும் இங்கே விலக்கி வைக்க வேண்டும். 1876இல் தொடங்கிய கொடும் பஞ்சத்தைத் தாது வருடப் பஞ்சம் என்கிறோமே, அந்தத் தாது வேறு. வடமொழியில் அந்த ஆண்டின் பெயர் 'தாத்ரு', அதாவது படைப்பவன். அடி ஒன்று, சொல் வேறு.

இனி இலக்கணம். வடமொழிக்கு இலக்கணம் செய்த பாணினி, 'ஆகு' எனப் பொருள்படும் 'பூ' முதலானவை தாதுக்கள் என்று ஒரு சூத்திரம் செய்தார். அதோடு நிற்கவில்லை. விகுதி சேர்ந்து வளர்ந்த சில வடிவங்களும் தாதுவே என்று இன்னொரு சூத்திரம் செய்தார். 'செய்' என்னும் 'க்ரு'வும் தாது, அதிலிருந்து வளர்ந்த, 'செய்ய விரும்பு' எனப் பொருள்படும் 'சிகீர்ஷ'வும் தாது. அதனால் வேர்ச்சொல் என்று மொழிபெயர்ப்பது எனக்கு நிறைவாக இல்லை. வேர் அடியில் ஒன்றுதான் இருக்கும். தாது, மேலே கட்டுவதற்கு எடுத்த எந்தக் கூறாகவும் இருக்கலாம்.

பெயர்ச்சொல் எல்லாம் வினையிலிருந்து பிறந்தவையா என்று அந்தக் காலத்திலேயே வாதம் நடந்தது. ஆம் என்றார் சாகடாயனர் என்ற வடமொழி இலக்கணக்காரர். எல்லாம் அப்படி அல்ல என்றார் கார்க்கியர் என்ற இன்னொருவர். வேதச் சொற்களுக்குப் பொருள் சொல்லும் யாஸ்கரின் நிருக்தம் என்ற நூல் இரண்டு பக்கத்தையும் பதிவு செய்திருக்கிறது. எனக்குக் கார்க்கியர் பக்கமே நியாயமாகப் படுகிறது.

தாது என்னும் இந்த இலக்கணக் கருவி தமிழுக்கும் வந்தது. 11ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரனார் செய்த வீரசோழியம் என்ற தமிழ் இலக்கண நூலில் தாதுப்படலம் என்றே ஒரு பகுதி உண்டு. அப்புறம் நன்னூலைப் பாருங்கள். நட, வா, மடி, சீ, விடு என்று தொடங்கி 23 ஈறுகளை அடுக்கி, இவற்றை வினைப் பகாப்பதம், அதாவது மேலும் பிரிக்க முடியாத வினைச்சொல், என்கிறார் அதைச் செய்த பவணந்தி. பதம் என்ற சொல்லைக் கவனியுங்கள். பாணினியிடம் பதம் என்றால் வேற்றுமை விகுதியோ வினை விகுதியோ ஏற்று முடிந்த சொல். வெறும் தாது பதம் ஆகாது, இலக்கணக்காரர் பிரித்து எடுத்துக் காட்டும் கூறு அது. தமிழில் 'வா' என்று ஒருவரைப் பார்த்துச் சொன்னால் அவர் வந்துவிடுவார். நம் வினையடி தானே ஏவல் வினையாக நிற்கிறது. வீரசோழியம் தாது என்ற இடத்தில் நன்னூல் பதம் என்றது அதனால் என்பது என் கருத்து.