எலக்ட்ரான் முந்திக்கொண்டால்

நேயர்களுக்கு வணக்கம். கடைகளில் ‘கியூஎல்இடி’ என்று விற்கும் டிவிகளில் குவாண்டம் புள்ளிகள், அதாவது சில நானோமீட்டரே உள்ள குறைக்கடத்திப் படிகங்கள், மின்சாரத்தால் ஒளிர்வதில்லை. பின்னால் இருக்கும் நீல எல்இடியின் ஒளியை வாங்கிச் சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றித் தருகின்றன, அவ்வளவுதான். இன்று பேசப்போவது, மின்சாரத்தை நேராகவே வாங்கி ஒளிரும் புள்ளிகளைப் பற்றி.

காட்மியம் செலினைடு படிகம் 2 நானோமீட்டர் இருந்தால் நீலம், 6 இருந்தால் சிவப்பு. பொருள் ஒன்றுதான், அளவுதான் நிறம்.

இந்தப் புள்ளிகளைக் கொண்டு ஆய்வகத்தில் விளக்கு செய்வது இப்படி. மின்சாரம் கடத்தும், ஒளி ஊடுருவும் ஐடிஓ பூசிய கண்ணாடியைக் கழுவி, 15 நிமிடம் புறஊதா ஓசோனில் வைப்பார்கள். மேலே, துளைகளை, அதாவது எலக்ட்ரான் இல்லாமல் நேர்மின்னூட்டம்போல் நகரும் காலியிடங்களை, உள்ளே செலுத்தும் பெடாட் என்ற பாலிமர் படலம், சுமார் 40 நானோமீட்டர். 150 டிகிரியில் சூடேற்றி ஈரத்தைப் போக்க வேண்டும். அடுத்து, துளைகளைக் கடத்தும் டிஎஃப்பி பாலிமர். அதன்மேல் புள்ளிகள், பிறகு எலக்ட்ரான்களைக் கடத்தும் துத்தநாக ஆக்சைடு, கடைசியில் வெற்றிடத்தில் படியவைக்கும் அலுமினியம், 100 நானோமீட்டர்.

இதில் கரைப்பான்தான் சூட்சுமம். புள்ளிகளை ஆக்டேனில் கரைத்துச் சுழற்றிப் பூசுகிறோம். ஆக்டேன் அடியிலுள்ள டிஎஃப்பியைக் கரைக்காது. துத்தநாக ஆக்சைடு எத்தனாலில் வரும். அது புள்ளிகளைத் தொடாது. ஆக்டேனுக்குப் பதில் டொலுயீனை எடுத்தீர்களானால், அடிப்படலம் கரைந்து இரண்டும் கலந்துவிடும். புள்ளிகளைக் கழுவுவதிலும் நிதானம் வேண்டும். குறைவாகக் கழுவினால் புள்ளிகளைத் தயாரிக்கும்போது சேர்ந்த ஒலீயிக் அமிலம் எஞ்சி மின்னோட்டத்தைத் தடுக்கும். அதிகமாகக் கழுவினால் புள்ளிகள் கட்டிதட்டி ஒளி மங்கும்.

எல்லாம் சரியாக வந்தாலும் ஒரு தொல்லை உண்டு. புள்ளியில் எலக்ட்ரானும் துளையும் சேர்ந்தால்தான் ஒளி. துத்தநாக ஆக்சைடு வழியே எலக்ட்ரான்கள் விரைந்து வந்துவிடும். துளைகளோ பெரிய ஆற்றல் தடுப்பைத் தாண்டி மெல்லத்தான் வரும். புள்ளியில் எலக்ட்ரான் மிஞ்சினால், ஒளியாக வேண்டிய ஆற்றலை அந்த மிச்ச எலக்ட்ரானே விழுங்கிவிடும். 2014-இல் சீனாவின் செஜியாங் பல்கலைக்கழகக் குழு, புள்ளிகளுக்கும் துத்தநாக ஆக்சைடுக்கும் நடுவே மிக மெல்லிய பிஎம்எம்ஏ படலம் வைத்தது. மின்சாரம் கடத்தாத பிளாஸ்டிக்! எலக்ட்ரானின் வேகம் தணிந்தது. சிவப்பு விளக்கின் வெளிக் குவாண்டம் திறன், அதாவது செலுத்தும் எலக்ட்ரான்களுக்கு எத்தனை சதவீதம் ஒளித்துகள் வெளியே வருகிறது என்ற கணக்கு, 20 சதவீதத்தைத் தாண்டியது.

இன்னொன்று. பிசின் ஊற்றி மூடிய சாதனம் சில நாள் அலமாரியில் கிடந்தாலே கூடுதலாக ஒளிர்வதுண்டு. பிசினிலுள்ள அமிலம் துத்தநாக ஆக்சைடை மாற்றிவிடுகிறது. ஆகவே திறனை எழுதும்போது, செய்து எத்தனையாவது நாள் அளந்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதியாக வேண்டும். வணக்கம்.