ஆறாத புண்ணும் பச்சையமற்ற பாசியும்

வணக்கம் நேயர்களே. காலபோக விதைப்பு தொடங்கி, வயலும் வாய்க்காலும் தண்ணீராகக் கிடக்கிற நேரம். கால் புண்ணோடு கிளினிக்குக்கு வருபவர்கள் இப்போது கூடுவார்கள். பெரும்பாலானவை சாதாரணப் புண்கள், மருந்து போட்டால் ஆறிவிடும். நான் பேச வந்தது ஆறாத புண்ணைப் பற்றி.

பாசி என்றால் துருசடியில் காலை வழுக்கிவிடும் பச்சைப் பாசிதான் நமக்கு நினைவுக்கு வரும். அந்த வகையிலேயே பச்சையத்தை இழந்துவிட்ட ஒன்று உண்டு, பெயர் புரோட்டோதீக்கா. வெயிலைக் கொண்டு உணவு ஆக்க இதற்கு முடியாது. அதனால் சேறு, கழிவுநீர், மரப்பட்டையில் வடியும் சாறு என்று உக்கும் பொருள் உள்ள இடங்களில் வாழ்கிறது. மாடுகளுக்கு மடிவீக்கமும் இதனால் வரும். மனிதரில் இந்தத் தொற்று முதலில் பதிவானது 1964இல், சியரா லியோனில், ஒரு நெல் விவசாயியின் காலில். வன்னியில் இருக்கிற நாம் காது கொடுக்க வேண்டிய செய்தி இது.

அதற்காக வயலில் இறங்கப் பயப்பட வேண்டாம். இது மிக அரிது. எனக்குக் கவலை எல்லாம் சிறுநீரகம் மாற்றி மருந்து குடிப்பவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்கள், நீண்ட நாளாக ஸ்டெரொயிட் எடுப்பவர்கள், நீரிழிவு கட்டுப்படாதவர்கள் ஆகியோரைப் பற்றித்தான். நோயெதிர்ப்புச் சக்தி குறைந்த அவர்களுக்கு முள் குத்திய இடம் வாரக்கணக்கில் தடித்து, பொருக்குத் தட்டி, ஆறாமல் நிற்கலாம். சிலருக்கு முழங்கையின் பின்புறம் வீங்கும். மிகச் சிலருக்கு இரத்தத்திலும் பரவும்.

கண்ணால் பார்த்து இதைச் சொல்ல எந்த வைத்தியராலும் முடியாது. பங்கசு போலவும் இருக்கும், மணல் ஈ கடித்து வரும் லீஷ்மேனியாப் புண் போலவும் இருக்கும். அன்டிபயோட்டிக் கேட்காது. பாமசியில் தானாக வாங்கிப் பூசும் கிறீமில் ஸ்டெரொயிட் இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். தசைத் துண்டு எடுத்துத்தான் பார்க்க வேண்டும். இங்கேதான் அடிக்கடி தவறிவிடுகிறது: எடுத்த துண்டு முழுவதையும் ஃபோர்மலினில் போட்டுவிட்டால் உயிரி செத்துவிடும், பிறகு வளர்த்துப் பார்க்க வழியில்லை. ஒரு பகுதியைக் கிருமிநீக்கிய உப்புநீரில் வைத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும்.

அங்கே இரண்டு மூன்று நாளில் வெண்மையான, ஈஸ்ட் போன்ற கூட்டமாக வளரும். அவசரத்தில் ‘ஈஸ்ட்’ என்று எழுதிவிடுவதும் உண்டு. நுணுக்குக்காட்டியில் பொறுமையாகப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஈஸ்டைப் போல இது அரும்புவதில்லை. உருண்டையான கலத்துக்குள்ளேயே குட்டிக் கலங்கள் நெருக்கியடித்து, அன்னமுன்னாப் பழத்தின் மேற்புறம் போலத் தோன்றும். இன்னொன்று, ஆய்வுகூடத்தில் பங்கசு வளர்க்கும் சில ஊடகங்களில் சேர்க்கும் சைக்ளோஹெக்சிமைட் என்ற இரசாயனம் இதை வளரவிடாது. அதனால் சந்தேகத்தை ஆய்வுகூடத்துக்கு எழுதி அனுப்புவது அவசியம். ‘புண்’ என்ற ஒற்றைச் சொல் போதாது.

கிளினிக்குக்குப் போகும்போது நீங்களும் வாய்திறந்து சொல்லுங்கள்: சேற்றில் வேலை செய்கிறேன், இன்ன மருந்து குடிக்கிறேன், இத்தனை வாரமாக ஆறவில்லை என்று.

சரி, கண்டுபிடித்தால் மருந்து உண்டா? உண்டு. சிறிய கட்டியை வெட்டி எடுக்கலாம். பரவியிருந்தால் அம்போடெரிசின் பி ஊசி போடுவார்கள், சிலருக்கு இட்ராகொனசோல் போன்ற மாத்திரையும் கொடுப்பார்கள். சிகிச்சை மாதக்கணக்கில் இழுக்கும். அந்த நாட்களில் மாற்றுச் சிறுநீரகத்துக்கான மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அளவைக் குறைக்க வேண்டுமென்றால் உங்கள் சிறுநீரக வைத்தியரே குறைப்பார்.