வீடு பாக்க வர்றவங்க முதல்ல நிக்கறது இங்கதான் | கும்பகோணம் வீட்டுக் கதவு

எல்லாருக்கும் வணக்கம்ங்க. இப்ப நான் நிக்கறது எங்க அப்பா வீட்டு வாசல்ல. கும்பகோணத்துல 1986ல அப்பா கட்டுன வீடு. அம்மா என்கூட வந்துட்டாங்க, தம்பி கோயம்புத்தூர்லயே வீடு வாங்கிட்டான். அதனால இதை வித்துடலாம்னு முடிவு பண்ணியாச்சு. அதைப் பத்தி நிறைய பேசலாம், ஆனா இன்னைக்கு முழுக்க இந்தக் கதவு மட்டும்தான்.

ஐப்பசியில முதல் பார்ட்டி வந்தாங்க. புருஷன், பொண்டாட்டி, கூட ஒரு வயசான அம்மா. மழை அப்பத்தான் விட்டிருந்துச்சு. புரோக்கர் சாவியைப் போட்டுத் திருப்புறார், திரும்பல. வெளிய எடுத்து ஊதி மறுபடி போடுறார். ஒரு வழியா பூட்டு திறந்துச்சு, கதவு அசையல. தோளைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளுனாரு பாருங்க, தரையை உரசிக்கிட்டு கிர்ர்ருன்னு திறந்துச்சு. அந்த வயசானவங்க பயந்து ஒரு படி கீழ எறங்கிட்டாங்க.

உள்ள போன பிறகு அவங்க கேட்டதெல்லாம் ஒரே மாதிரி. சுவர்ல ஓதம் ஏறுமா? மாடி ஒழுகுமா? கரையான் இருக்கா? ஒவ்வொரு ஜன்னலையும் திறந்து திறந்து மூடிப் பாத்தாங்க. அப்பா ஆசையா போட்ட சிவப்பு சிமெண்ட் தரை, இன்னைக்கும் முகம் தெரியும், அதை யாரும் குனிஞ்சு பாக்கல. கொல்லையில சித்திரையிலயும் வத்தாத கிணறு இருக்கு, அங்க வரைக்கும் வரவே இல்ல.

அன்னைக்கு ராத்திரி யோசிச்சேன். அவங்க வாசல்ல நின்னது ரெண்டு நிமிஷம் இருக்கும். ஹால்ல நின்னா கண்ணு நாலு பக்கமும் போகும். வாசல்ல நின்னா மூக்குக்கு நேரா கதவு, அவ்வளவுதான். வீடு பாக்க வர்றவங்க இந்த வீட்டுல வேற எந்தப் பொருளையும் இவ்வளவு கிட்டத்துல, இவ்வளவு நேரம் பாக்கப் போறதில்ல. கதவே இப்படி இருந்தா, கண்ணுக்குத் தெரியாத பைப்பும் ஒயரும் எப்படி இருக்கும்னு அவங்க நினைச்சதுல தப்பே இல்ல. நான் வாங்கப் போயிருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்பேன்.

புரோக்கர் சொன்னது, 'புதுக் கதவு மாத்திடுங்கம்மா'ன்னு. எனக்கு மனசு ஒப்பல. ஏன்னா இது தேக்கு. காரைக்குடியில முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய்ப் பாருங்க, இடிச்ச வீட்டு பர்மா தேக்குக் கதவை நிலையோட வாங்கிட்டுப் போக எங்கெங்கேர்ந்தோ வர்றாங்க. எங்களோடது அவ்வளவு வேலைப்பாடு இல்ல, சாதாரண நாலு பலகைக் கதவு. ஆனாலும் நல்ல மரம். அதைக் கழட்டிட்டு மேல படம் ஒட்டுன ஒரு கதவை மாட்ட நான் தயாரா இல்ல.

ஆசாரி ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தேன். நான், மழைக்கு மரம் ஊதிடுச்சு, இழைச்சு விட்டுடுங்கன்னு சொன்னேன். அவர் உளியைக் கூட எடுக்கல. கதவைச் சாத்திட்டு, கதவுக்கும் நிலைக்கும் நடுவுல இருக்கற சந்து எப்படி இருக்குன்னு பாத்தார். இங்க பாருங்க, கேமராவைக் கிட்ட கொண்டு வரேன். கீல் பக்கம் மேல சந்து அகலமா இருந்துச்சு. பூட்டுப் பக்கம் மேல் மூலை நிலையை முட்டிக்கிட்டு இருந்துச்சு. கீழ் மூலை தரையை உரசுது, இந்த வளைவான கோடு தெரியுதா, அது உரசுன தடம். 'ஊதுனது கொஞ்சம்தான்மா, மேல் கீல் தொங்கிடுச்சு'ன்னார். திருகாணி போன ஓட்டையில மரத்துண்டைப் பசை தடவி அடிச்சு இறுக்கி, இன்னும் நீளமான திருகாணி போட்டார். முக்கால்வாசி பிரச்சினை அதோட போச்சு.

மழைக்காலத்துல இழைச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு அவர்தான் சொன்னார். பங்குனியில மரம் காஞ்சு சுருங்கும்போது விரல் போற அளவுக்குச் சந்து விழுந்திருக்கும். அதனால காகிதம் கனத்துக்கு ஒரு சீவல் மட்டும் எடுத்தார். அப்புறம் கதவைக் கழட்டி, மேல் விளிம்பு, கீழ் விளிம்பு ரெண்டுலயும் வார்னிஷ் அடிச்சார். இதை யாரும் செய்யறதே இல்லைங்க. முகப்புல நாலு கோட்டிங் அடிப்பாங்க, கண்ணுக்குத் தெரியாத அந்த விளிம்பை அப்படியே விட்டுடுவாங்க. ஆனா மரத்தைக் குறுக்க அறுத்த பக்கம் அதுதான், தண்ணியை அதிகமா உறிஞ்சறதும் அங்கதான்.

அடுத்து பெயிண்ட். வருஷா வருஷம் பொங்கலுக்கு அடிச்சு அடிச்சு, காப்பிக் கலர், அதுக்குக் கீழ பச்சை, அதுக்குக் கீழதான் தேக்கு. நீங்க யாராவது பழைய கதவைச் சுரண்டப் போறீங்கன்னா இதைத் தயவுசெஞ்சு கேளுங்க. நம்ம நாட்டுல வீட்டுப் பெயிண்ட்ல காரீயம், அதாவது லெட்ங்கற விஷ உலோகம், 90 பிபிஎம்முக்கு மேல, அதாவது பத்து லட்சம் பங்குல 90 பங்குக்கு மேல இருக்கக் கூடாதுன்னு விதி வந்ததே 2017 நவம்பர்லதான். அதுக்கு முன்னாடி அடிச்ச பெயிண்ட்ல எவ்வளவு இருக்கும்னு சொல்ல முடியாது. உப்புத்தாளை வெறுமனே தேய்ச்சா அந்தத் தூள் மூச்சுல போகும். ஈரப்படுத்திச் சுரண்டுங்க, மாஸ்க் போடுங்க, கீழ சாக்கை விரிச்சு மொத்தத்தையும் அள்ளுங்க. குழந்தைங்களைப் பக்கத்துல விடவே விடாதீங்க.

மூணு நாள் ஆச்சு. கைப்பிடிக்குப் பக்கத்துல இந்த இடத்தைப் பாருங்க, மத்த மரத்தை விட இருட்டா, வழவழன்னு இருக்கு. நாங்க எல்லாரும் வருஷக்கணக்கா கை வெச்சுத் தள்ளுன இடம். ஆசாரி அதையும் தேய்ச்சு எடுக்கவான்னு கேட்டார், வேண்டாம்னுட்டேன்.

பித்தளைக் குமிழுக்குப் புளிதான். ஆனா சுத்தி அட்டை வெச்சுக்கோங்க, புளித்தண்ணி மரத்துல வடிஞ்சா கறை நிக்கும். கழுவி உடனே ஈரம் போகத் துடைச்சிடணும். பூட்டுக்குள்ள தேங்காயெண்ணெய் விடாதீங்க, தூசி ஒட்டிக் கெட்டியாகிடும். பென்சில் முனையைச் சீவித் தூளாக்கி சாவியில தடவிப் போட்டு எடுத்தேன், இப்ப வெண்ணெய் மாதிரி திரும்புது. மத்தபடி வாசல் விளக்கு எரியணும், பெல் அடிக்கணும், செருப்பு ஸ்டாண்டை அந்தப் பக்கம் தள்ளிட்டேன்.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். நிலையோட அடியில, இடது பக்கம், இங்க பழைய கரையான் அரிப்பு இருக்கு. தட்டுனா டொக்குன்னு வெத்துச் சத்தம் கேக்கும். பட்டி வெச்சுப் பெயிண்ட் அடிச்சா தெரியாதுன்னு புரோக்கர் சொன்னார். நான் அதுக்கு ஒத்துக்கல. துளை போட்டு மருந்து ஏத்தியாச்சு, அரிச்ச அடிப்பகுதியை மட்டும் வெட்டிட்டுப் புதுக் கட்டை வெச்சு இணைச்சிருக்கு. இணைப்பு தெரியுது, தெரியட்டும். நாளைக்கு இந்த வீட்டுல இருக்கப் போறவங்க கிட்ட நானே கையைப் பிடிச்சுக் காட்டுவேன். அம்மா அது மேலயே மஞ்சள் பூசிக் குங்குமம் வெச்சிருக்காங்க, வெள்ளிக்கிழமைன்னா அவங்களுக்கு அது ஆகணும்.

ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு அடுத்த பார்ட்டி வர்றாங்க. சாவியை புரோக்கர் கிட்ட கொடுக்கல, நானே வந்து திறக்கறேன்னு சொல்லிட்டேன்.

சரி, திறந்து காட்டறேன். மைக்கைக் கீல் கிட்ட வெக்கறேன், கேளுங்க. ஒரு விரல்தான் வெச்சிருக்கேன்.

ம்... சத்தமே இல்ல பாருங்க.