ஒரே ஒரு நாடா

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

துணிக்குச் சாயமேற்றுவதைச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. எந்த ஊருக்குப் போனாலும் அங்கே என்ன உடுத்துகிறார்கள், அதற்கு எதிலிருந்து நிறம் எடுக்கிறார்கள் என்றுதான் முதலில் கண் போகும். ஜப்பானின் கியோட்டோவுக்குப் போயிருந்தபோது, பழைய அரண்மனைப் பெண்களின் உடையை ஒருவருக்கு உடுத்திக் காட்டும் நிகழ்ச்சியைப் பார்க்கக் கிடைத்தது. அந்த உடைக்கு ஜூனிஹிதோயே என்று பெயர். 'பன்னிரண்டு அடுக்கு' என்று அர்த்தம். பன்னிரண்டு என்பது எண்ணிச் சொன்ன கணக்கில்லை, 'ஏகப்பட்ட அடுக்கு' என்று எடுத்துக்கொள்ளலாம்.

உடுத்திக்கொள்ளும் பெண் அசையாமல் நிற்கிறார். உள்ளே வெள்ளை அங்கி, இடுப்புக்குக் கீழே தரையில் புரளும் சிவப்பு ஹகாமா. பாவாடை போலத் தெரிந்தாலும், அது கால்களைத் தாண்டி நீளும் தொளதொளத்த காலாடை. உடுத்திவிட இரண்டு பேர், முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். வணங்கிவிட்டுத்தான் தொடுகிறார்கள். முன்னால் இருப்பவர் கடைசிவரை மண்டியிட்டபடியே வேலை செய்கிறார்.

முதல் அங்கியைப் போர்த்தி, மார்புக்குக் குறுக்கே மடித்து, இடுப்பில் ஒரு நாடாவால் கட்டுகிறார்கள். அதன்மேல் அடுத்த அங்கி, அதற்கு இன்னொரு நாடா. இரண்டாவது முடிச்சு இறுகியதும், உள்ளே இருக்கும் முதல் நாடாவை மெல்ல உருவி எடுத்துவிடுகிறார்கள். அதே நாடா மூன்றாவது அங்கிக்கு வருகிறது. மூன்றாவது கட்டியானதும் இரண்டாவதை உருவுகிறார்கள். இப்படியே மாறி மாறிப் போய், கடைசியில் முதுகுப்புறம் தோகைபோல விரியும் 'மோ' என்ற துணியைக் கட்டுகிறார்கள். அப்போது 15, 20 கிலோ பட்டையும் தாங்கிப் பிடித்திருப்பது அந்த மோவின் நாடா ஒன்றுதான். ஊக்கு கிடையாது, பித்தான் கிடையாது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

இந்த உடை பிறந்தது ஹெயான் காலத்தில். 794இல் தலைநகரம் இன்றைய கியோட்டோவுக்கு வந்தபோது அந்தக் காலம் தொடங்கியது. அப்போதும் அரண்மனையில் சீனத்துத் தாங் அரசவையின் பாணிதான் செல்வாக்கோடு இருந்தது. 894இல் சீனாவுக்குத் தூதர்களை அனுப்புவதை நிறுத்தியபின், உடை கொஞ்சம் கொஞ்சமாக ஜப்பானின் சொந்த வடிவத்துக்குத் திரும்பியது. அங்கியின் கை அகன்றது, நீளம் கூடியது, அடுக்கு ஏறியது. அதற்கு வீடும் ஒரு காரணம். பிரபுக்களின் மாளிகைகளில் கெட்டிச் சுவர்கள் குறைவு, மூங்கில் திரைகளும் தட்டிகளும்தான் அதிகம். கியோட்டோவின் குளிரோ எலும்பைத் துளைக்கும்.

அந்தத் திரைக்குப் பின்னால்தான் பெண்கள் இருந்தார்கள். வெளியே இருப்பவருக்கு முகம் தெரியாது. திரைக்கு அடியிலோ, மாட்டு வண்டியின் ஓரத்திலோ வழிந்து விழும் அங்கிக் கையின் விளிம்பு மட்டும் தெரியும். இதற்காகவே தைப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. உள்ளே போடும் அங்கி பெரிது, மேலே போடும் அங்கி சற்றுச் சிறிது. அதனால் கை ஓரத்தில் ஒவ்வொரு அடுக்கும் ஒரு மெல்லிய கோடாக எட்டிப் பார்க்கும். அணிபவரின் ரசனை முழுவதும் அந்தக் கோடுகளில்தான்.

நிறங்களைச் சேர்ப்பதற்குப் பெயர்களும் முறைகளும் இருந்தன. எனக்கு மிகவும் பிடித்தது 'யுகி நோ ஷிதா', அதாவது பனிக்கு அடியில். மேலே இரண்டு அங்கி வெள்ளை. அடுத்த மூன்றும் செம்பிளம் பூவின் நிறம், உள்ளே போகப்போக வெளுத்துக்கொண்டே போகும். அடியில் ஒரே ஒரு பச்சை. பனி மூடிய கிளையில் பூத்த பூவும் அதன் பச்சையும் ஒரு கையின் ஓரத்தில் வந்துவிடுகின்றன! நிறம் இப்படி மெல்ல வெளுத்துப் போவதை அவர்கள் 'நியோய்' என்றார்கள். இன்றைய ஜப்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்கு வாசனை என்று பொருள்.

பருவம் தவறினால் போச்சு. ஆயிரமாவது ஆண்டையொட்டி வாழ்ந்த சேய் ஷோனகோன் என்ற அரண்மனைப் பெண், சப்பென்று இருக்கும் விஷயங்களைப் பட்டியல் போடும்போது, மூன்றாம் நான்காம் மாதத்தில் அணியும் செம்பிளம் நிற உடையையும் சேர்க்கிறார். அந்தப் பூ அதற்குள் உதிர்ந்து முடிந்திருக்கும். அதே காலத்து எழுத்தாளர் முரசாகி ஷிகிபுவின் நாட்குறிப்பிலும், கை ஓரத்து நிறச் சேர்க்கை சற்றே பிசகிய ஒரு பெண்ணைப் பிரபுக்கள் கவனித்துவிட்ட செய்தி வருகிறது. ஒரு விரல் அகலத் துணிக்கு அவ்வளவு கண்கள்!

அடர்ந்த சிவப்பும் அடர்ந்த ஊதாவும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. சிவப்பு குசும்பப் பூவிலிருந்தும், ஊதா முரசாகி என்ற செடியின் வேரிலிருந்தும் வந்தன. அடர்த்தி வேண்டுமானால் திரும்பத் திரும்ப முக்கியெடுக்க வேண்டும், பூவும் வேரும் குவியல் குவியலாக வேண்டும். ஆகவே அடர் நிறத்துக்கு அனுமதி வேண்டியிருந்தது, வெளிர் நிறம் தடையில்லாமல் கிடைத்தது. சாயத்தொட்டியில் கை நனைத்த யாருக்கும் இந்தச் சட்டத்தின் பின்னால் இருக்கும் கூலிக் கணக்கு புரியும்.

ஆண்கள் அரசவையில் உடுத்திய சொகுதாய் என்ற உடையில் மேலங்கியின் நிறமே பதவியைச் சொல்லிவிடும். பேரரசருக்கு மட்டும் உரியது கொரோசென் என்ற செம்பழுப்பு மஞ்சள். அதை 820இல் சாகா பேரரசர் விதித்தார். அந்த நிறத்துக்கு ஹாசே மரத்தோடு இன்னொரு கட்டையும் சேரும். கேரளத்தில் குடிதண்ணீரில் போட்டுக் கொதிக்கவைப்பார்களே, அந்தப் பதிமுகம்தான். ஜப்பானில் அது விளையாது, கப்பலில்தான் வந்தது. 2019 அக்டோபர் 22 அன்று நருஹிதோ பேரரசர் அரியணையேறியதை அறிவித்தபோது உடுத்தியதும் இதே கொரோசென்தான். மசாகோ பேரரசி ஜூனிஹிதோயேவில் நின்றார்.

நடுவில் ஒரு பெரிய இடைவெளி இருந்தது. 1467 முதல் 1477 வரை நடந்த ஓனின் போரில் கியோட்டோ எரிந்தது, அரண்மனை வறுமையில் விழுந்தது. இன்று நாம் பார்ப்பது 'எடோ' காலத்தில், அதாவது 1603க்கும் 1868க்கும் இடையில், திரும்ப மீட்டெடுத்த வடிவம். உடுத்தும் கலைக்கு எமொன்தோ என்று பெயர். 12ஆம் நூற்றாண்டில் விறைப்பான துணி வழக்கத்துக்கு வந்ததும், தானே உடுத்திக்கொள்வது முடியாமல் போய் இந்தக் கலை பிறந்தது. தகாகுரா, யமஷினா என்ற இரண்டு குடும்பங்கள் அதைப் பரம்பரையாகக் காத்துவந்தன.

சரி, அன்றைய நிகழ்ச்சிக்கு வருகிறேன். கடைசியில் களையும் நேரம் வந்தது. ஒவ்வொன்றாகக் கழற்றப் போகிறார்கள், அரைமணி நேரம் ஆகும் என்று நினைத்தேன். முன்னால் இருந்தவர் அந்த ஒரே நாடாவை அவிழ்த்தார். அந்தப் பெண் கைகளை உள்ளே இழுத்துக்கொண்டு, ஓர் அடி முன்னால் எடுத்து வைத்து, வெள்ளை அங்கியும் சிவப்பு ஹகாமாவுமாக வெளியே வந்துவிட்டார். அத்தனை அங்கிகளும் ஒன்றுக்குள் ஒன்றாக, ஆள் உள்ளே இருப்பதுபோலவே தரையில் அமர்ந்திருந்தன. அதை அவர்கள் உத்சுசெமி என்கிறார்கள், சில்வண்டு கழற்றிப் போட்ட கூடு. நான் குனிந்து பார்த்தேன். வெறுமையாய்க் கிடந்த கையின் ஓரத்தில் இரண்டு வெள்ளை, மூன்று சிவப்பு, அடியில் ஒரு பச்சைக் கோடு.

வணக்கம்.